நாற்பத்தேழாம் நம்பரும் ஜெர்மனிக் கோமாரியும்

என் மனைவி மணிமேகலை எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டர். காலையிலும் சாயங்காலமும் மாட்டுக்காரர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அவள் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு குப்பி பால் எடுத்து மெஷினில் வைப்பாள். பால் கெட்டியா, தண்ணியா என்று மெஷின் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் எங்கள் ஊரில் பிரசித்தம். அதற்குள் உலகத்தில் எங்கோ நடந்த ஒரு செய்தியைச் சொல்லி, அதற்குத் தன் தீர்ப்பையும் சொல்லி முடித்துவிடுவாள். ஒரு கேனுக்கு ஒரு செய்தி. கடத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், கொரியாவில் என்ன நடக்கிறது என்று தெரியாத மாட்டுக்காரர் ஒருவரும் இல்லை.

என் பெயர் மாயவன். கடத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கும் முன் காலையில் அவளுக்குக் கேன் தூக்கிக் கொடுப்பதும், நோட்டில் லிட்டர் எழுதுவதும் என் வேலை. இருபத்தெட்டு வருடமாக அவளுடைய செய்திகளுக்கு முதல் நேயர் நான்தான். விடிகாலையில் போனில் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் டீ போடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது ஏதாவது ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்திருக்கும். எனக்கு வருகிற டீயின் சுவையை வைத்தே அன்றைக்கு உலகம் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

தென்கொரியாவில் ஒரு ராத்திரியில் ராணுவச் சட்டம் போட்டு, விடிவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்போடு திரும்பி வந்துவிட்ட மருமகள் கதைதான் அது என்றாள். உக்ரைன் சண்டையைச் சமையல் எண்ணெய் விலையில் ஆரம்பித்து எண்ணெய்ச் சட்டியிலேயே முடிப்பாள். ஆஸ்திரேலியாவில் பதினாறு வயது ஆகாத பிள்ளைகள் பேஸ்புக் மாதிரி எதிலும் சேரக் கூடாதென்று சட்டம் போட்ட அன்று, அங்கே பதினாறு வயது வரைக்கும் போனை நம்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், நம் பக்கத்தில் பதினாறு வயதில் இடுப்பில் குழந்தையையே கொடுத்துவிடுகிறார்கள் என்றாள். வரிசையே சிரித்தது. அவளுடைய அண்ணன் முனியப்பன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உள்ளூர் விஷயம் அவள் வாயில் வராது. ஊரில் ஒருத்தன் குடித்துவிட்டு மனைவியை அடித்தால் அன்றைக்கு அவள் பிரேசிலைப் பற்றிப் பேசுவாள். நான் கிண்டல் செய்வேன். பால் ஊற்ற வருகிறவர்களைப் பற்றிப் பேசினால் நாளைக்குப் பால் வராது என்பது அவள் பதில். உலகத் தலைவர்களைத் திட்டுவதில் அந்த ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் யாரும் கேனோடு வரிசையில் வந்து நிற்பதில்லை.

முனியப்பன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். ஆனால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அவளுக்குத் தாய்வீடு என்று இருப்பது அந்த ஒரு வீடுதான். பொங்கலுக்குப் புடவை அங்கிருந்துதான் வரும். முள்ளுக்கத்திரிக்காய் அங்கிருந்துதான் வரும். சொசைட்டியில் அவருக்கு நாற்பத்தேழாம் நம்பர். இரண்டு கறவை மாடு, காலையில் தவறாமல் எட்டு லிட்டர். கேனைக் கொண்டுவருவது அவர் மகள் கவிப்பிரியா. பிளஸ் டூ படிக்கிற பெண். பள்ளிச் சீருடையோடு சைக்கிளில் வந்து, கேனை இறக்கி வைத்துவிட்டு, செய்தியைக் கேட்டு, அதில் ஒரு சந்தேகமும் கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். அவள் சந்தேகம் கேட்கும் நாட்களில் மணிமேகலைக்கு முகமே வேறு மாதிரி இருக்கும். அறுபது பேர் கேட்டுக்கொண்டு நிற்பது வேறு, ஒரு பிள்ளை திருப்பிக் கேட்பது வேறு.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் ஆப்கானிஸ்தான் செய்தி. அங்கே பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லி, அந்த ஆட்சிக்காரர்களை ஒரு பிடி பிடித்தாள். கவிப்பிரியா அன்றைக்குக் கேட்ட சந்தேகம் இது.

"அத்தை, அந்த ஊரு புள்ளைங்க யாருகிட்ட போயி சொல்லுவாங்க?"

"யாருகிட்ட சொல்றது? ஐ.நா. சபையே கைய விரிச்சிட்டுது" என்று சொல்லிவிட்டு மணிமேகலை அடுத்த கேனுக்குக் கை நீட்டினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். பிறகு போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் நான் நினைத்தேன்.

பொங்கலை ஒட்டி ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. அங்கே எருமைகளுக்குக் கோமாரி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த நாட்டுக்குள் நோய் வந்திருக்கிறதாம். மணிமேகலை பயந்த அளவுக்கு ஜெர்மனிக்காரர்கள்கூடப் பயந்திருக்க மாட்டார்கள். வாயும் குளம்பும் புண்ணாகி, மாடு தீனி தொடாமல், பால் சடாரென்று இறங்கிவிடும் என்று ஒவ்வொரு கேனுக்கும் அதையே சொன்னாள். கொட்டகை வாசலில் சுண்ணாம்புத் தூள் போடச் சொன்னாள். விமானத்தில் வருகிற நோய்க்கு விலாசம் தேவையில்லை என்றாள். நான் சிரித்ததற்கு மூன்று நாள் எனக்கு ஆறின டீதான் கிடைத்தது.

தை பிறந்து இரண்டாவது வாரம், திங்கட்கிழமை. நாற்பத்தேழாம் நம்பர் ஆறு லிட்டர். செவ்வாய் நான்கு. புதன் மூன்று. கேனைக் கொண்டுவந்தது கவிப்பிரியா இல்லை, முனியப்பன். மாட்டுக்கு என்ன என்று கேட்டதற்கு, மாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பால் நோட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஊரே அதில் தெரியும். எட்டு ஊற்றுகிற வீடு மூன்று ஊற்றினால், மாட்டுக்கு ஏதோ ஆகியிருக்கிறது, அல்லது வீட்டில் ஏதோ நடக்கிறது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று அவள் அந்த நோட்டை வைத்தே சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் தலைக்குள் முழுக்க ஜெர்மனி. நோய் வந்தால் சொசைட்டியில் பாலை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அண்ணன் மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் ஜாஸ்மின் தருமபுரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகிற சின்ன வயதுப் பெண். அவர் கை வைத்தால் முரட்டு மாடும் நிற்கும். முனியப்பன் வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு சொசைட்டிக்கு வந்தார். கையில் காகிதத்தில் மடித்த முறுக்கு.

"அக்கா, மாட்டுக்கு ஒரு கொறையும் இல்லைங்க. வாயி, கொளம்பு எல்லாம் பாத்துட்டேன். வூடு நெறைய ஒரம்பரை, சொந்தக்காரங்க கூட்டம். டீ போட்டே பாலு தீந்துருது போல. எனக்கும் முறுக்கு குடுத்தாங்க."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஊசி போடப் போனால் எப்போதும் கவிப்பிரியாதான் மாட்டைப் பிடித்துக்கொள்வாளாம். இன்றைக்கு அவள் வெளியே வரவில்லையாம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாளாம். பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடம் போகாமல் ஏன் இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மணிமேகலை ஒரு காலி கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மெஷினைக் கழுவாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்துத் தெருவில் விசாரிக்க எனக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வெளியூரில் ஒரு கோயிலில் தாலி. ஊருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். கவிப்பிரியாவுக்குப் பதினேழு நடக்கிறது.

வீட்டுக்கு வந்தோம். நான் கடைக்குப் போகவில்லை. முதலில் அண்ணனிடம் நேரே பேசலாம் என்றேன். வீடு நிறைய மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இருக்கும்போது அண்ணனால் இறங்கி வர முடியாது, நாம் போய்க் கேட்டால் இன்றைக்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுவார்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். போன் செய்து சொல்லிவிட்டால் அதிகாரிகள் வருவார்கள், கல்யாணம் நிற்கும், தாய்வீடும் அதோடு போகும். இரண்டையும் அவள் முகத்தில் பார்த்தேன். அவள் பயப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பொறுக்காமையில் ஒரு முட்டாள்தனமான பேச்சைப் பேசினேன். நமக்கும் அப்படித்தானே ஆயிற்று, நாம் நன்றாகத்தானே இருக்கிறோம் என்றேன்.

எங்கள் கல்யாணத்தின்போது அவளுக்குப் பதினாறு. பத்தாம் வகுப்புப் பாதியில் வந்தாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லி நான் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டிருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாத்தாங்க இருக்கோம். உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எங்க சரித்திர புஸ்தகத்துல முதல் உலகப் போர் முடிஞ்சி, ரெண்டாவது பாடம் ஆரம்பிக்க வேண்டிய வாரம் நீங்க பொண்ணு பாக்க வந்தீங்க. அப்புறம் உலகத்துக்கு என்ன ஆச்சின்னு இன்னைக்கு வரைக்கும் நானாத்தான் கேட்டுக் கேட்டு தெரிஞ்சிக்கிறேன்."

பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "யாருகிட்ட சொல்லுவாங்கன்னு கேட்டாளே. என்கிட்டதாங்க சொல்லியிருக்கா. நான் ஐ.நா. சபைய சொன்னேன்" என்றாள்.

இருபத்தெட்டு வருடம் அவள் ரேடியோவைக் கிண்டல் செய்தவன் நான். அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டதில் வந்த சந்தோஷம் அத்தனையும் அவளிடமிருந்து பிடுங்கியதோ என்றுகூடத் தோன்றியது. போனை எடுத்து, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 அழுத்தி அவள் கையில் கொடுத்தேன். அவள் பேசினாள். ஒரு செய்தியைச் சொல்வது போலவே, பெயர், வயது, தெரு, நாள் என்று ஒழுங்காகச் சொன்னாள். கருத்து மட்டும் எதுவும் சொல்லவில்லை. தகவல் கொடுத்தது யார் என்று வெளியே வராது என்று அந்தப் பக்கம் சொன்னார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஜீப் வந்தது. பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று முனியப்பனிடம் எழுதி வாங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிவிட்டார்கள். அன்றைய மாலைப் பாலுக்கு நாற்பத்தேழாம் நம்பர் வரவில்லை.

மறுநாள் காலையில் முனியப்பன் வந்தார். விருந்தாளிகள் போய்விட்டார்கள் இல்லையா, கேனில் பால் பழையபடி ததும்பியது. அவர் கண் சிவந்திருந்தது. வரிசையில் நின்றபடியே, எல்லாம் அந்த டாக்டர் வேலை என்றார். கூப்பிடாமலே நேற்றுக் காலையில் வந்தாள், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், சாயங்காலம் ஜீப் வந்துவிட்டது, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றார். வெளியூர்ப் பெண்ணுக்கு நம் வீட்டுக் காரியத்தில் என்ன வேலை என்று பின்னால் ஒருவர் சேர்ந்துகொண்டார். இனிமேல் அவள் ஸ்கூட்டர் ஊருக்குள் நுழையட்டும் பார்க்கலாம் என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். வேடிக்கை பார்க்க வந்ததுபோல் இருந்த வரிசை கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கூட்டமாக மாறிக்கொண்டிருந்தது.

மணிமேகலை அவர் கேனிலிருந்து குப்பியை எடுத்து மெஷினில் வைத்தாள். ஒரு நிமிடம். எல்லோரும் பழக்கத்தில் அவள் வாயைப் பார்த்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். பெயர் வெளியே வராது என்றுதான் சொல்லியிருந்தார்கள். டாக்டர் நாலு நாள் இந்தப் பக்கம் வராமல் இருந்தால் எல்லாம் ஆறிவிடும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அண்ணா, டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல. ஜெர்மனி கோமாரின்னு நெனச்சி அவங்கள அனுப்புனதும் நான்தான். ஜீப்புக்கு போன் பண்ணதும் நான்தான்."

கையை மெஷின்மேல் வைத்தபடியே அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"என்னைய கேரியர்ல உக்கார வெச்சி கடத்தூர் பள்ளிக்கூடத்துக்கு மிதிச்சது நீதானேண்ணா. நான் எறங்குன எடத்துலயே கவியும் எறங்கணுமா?"

மெஷினில் எண் வந்தது. முனியப்பன் அதைப் பார்க்கவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேனை மூடி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். எழுதத் திறந்த நோட்டில் நாற்பத்தேழுக்கு நேரே நான் ஒரு கோடு போட்டேன்.

அடுத்த நாளிலிருந்து கூட்டுரோட்டில் நிற்கும் தனியார் பால் வண்டியில் ஊற்ற ஆரம்பித்தார். மாசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தபோது எங்களுக்குச் சொல்லவில்லை. அவள் வீட்டிலேயே ஒரு படி அரிசி போட்டுப் பொங்கி, எனக்கும் வைத்து, தானும் சாப்பிட்டாள். பாதியில் எழுந்து போய்க் கை கழுவினாள். ஊரில் சிலர் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் ஊற்றினார்கள். பிறகு, அமெரிக்காவில் புதிதாக வரி போட்டிருக்கிறார்களாமே, அது என்ன என்று அவர்களில் ஒருவரே கேட்டார். அதன்பின் செய்தி பழையபடி ஓடியது. டாக்டர் ஜாஸ்மினும் பழையபடி வந்துபோனார். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. ஒரு நாட்டைத் திட்ட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி, அந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு என்ன சங்கடமோ, நமக்கு முழுசாகத் தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தாள்.

சொசைட்டியில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு நாற்பத்தேழாம் நம்பரைக் கொடுக்கலாம் என்று செயலாளர் சொன்னார். அந்த நம்பருக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி வேறு நம்பர் கொடுக்க வைத்தாள். தினமும் காலையில் நான் அந்த இடத்தில் கோடு போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை மூடவிடுவாள்.

பரீட்சை தொடங்கிய நாள் கவிப்பிரியா சைக்கிளில் சொசைட்டி வழியாகப் போனாள். அத்தையிடம் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. நிற்கவில்லை. மணியை மட்டும் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனாள். மணிமேகலை கையில் குப்பியோடு வாசல்வரை போய், சைக்கிள் திரும்பும்வரை நின்றாள். அன்றைக்கு மிச்சமிருந்த இருபது கேனுக்கும் செய்தியே கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வரிசை முடிகிற நேரம். நான் கேன்களை வண்டிக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முனியப்பன் கேனோடு நிற்கிறார். தலையில் துண்டு, முழங்கால்வரை சேறு. கூட்டுரோட்டைத் தாண்டி இங்கே வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மணிமேகலை குப்பியை எடுத்தாள், மெஷினில் வைத்தாள். ஒரு நிமிடம். அவள் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, இன்னைக்கு உலகத்துல ஒண்ணும் நடக்கலியா?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, ஒருவர் கேட்டும் அவளுக்குச் செய்தி வரவில்லை.

"அப்ப நானே சொல்றேன். கவிக்கு தருமபுரி காலேஜில எடம் கெடச்சிருச்சி. திங்கக்கெழம சேக்கணும். அங்க என்ன கேப்பாங்க, எதுக்கு என்ன சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் தெரியல. நீ கூட வரணும்."

மெஷினில் எண் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், மறுபடியும் துடைத்துக்கொண்டாள், அவளால் படிக்க முடியவில்லை. நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். பிறகு பாலை அளந்து ஊற்றிவிட்டு, நோட்டைப் பிரித்து நாற்பத்தேழுக்கு நேரே எட்டு லிட்டர் என்று எழுதினேன்.